எக்ஸ்ரே எங்கே? – நோய்க்குறியியல் கேள்வி-பதில்

கால்சியம் நீக்க எலும்பு பயாப்ஸியை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் ஒரே நாளில் மெத்தென்று ஆகிவிடுகிறது. மெதுவாகக் கால்சியம் நீக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலுக்குக் காத்திருக்க டாக்டர்கள் விடுவதில்லை. என்ன செய்வது? (லேப் டெக்னீஷியன், தாம்பரம்)

ஊசி பயாப்ஸித் துண்டுக்கு ஈ.டி.டி.ஏ. ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். வாரக்கணக்கில் இழுப்பது பெரிய எலும்புத் துண்டுகள்தான். நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். அப்புறம் ஃபிஷ் (ஜீன் உடைவைப் பார்க்கும் சோதனை) செய்தால் சிக்னலே வராது. அமிலத்துக்கு முன்னால் துண்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். எலும்புக் கட்டியில் எலும்பே இல்லாத மெதுவான சதைத் துணுக்குகள் பெரும்பாலும் இருக்கும். அவற்றைப் பிரித்து, டீகால்சிஃபிகேஷன் (கால்சியம் நீக்கம்) இல்லாமல் தனி பிளாக் (திசுவைப் பதிக்கும் மெழுகுக் கட்டி) போடுங்கள். ஃபார்மலினில் ஊறாத எலும்பை எந்த டீகால் கரைசலிலும் போடாதீர்கள்.

சிறு வட்ட செல் கட்டி. சி.டி.99 சாயம் பாசிட்டிவ். யூயிங் சார்கோமா என்று ரிப்போர்ட் கொடுக்கலாமா? (முதுநிலை மாணவர், கீழ்ப்பாக்கம்)

கூடாது. லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமாவிலும் சி.டி.99 பளிச்சென்று வரும். அதில் லிம்ஃபோமாவைக் காட்டும் எல்.சி.ஏ. சாயம் நெகட்டிவாகவும் இருக்கலாம், எனவே லிம்ஃபோபிளாஸ்ட்டைக் காட்டும் டி.டி.டி. சாயம் போடாமல் நகராதீர்கள். டெஸ்மின், மயோஜெனின், கெராட்டின், என்.கே.எக்ஸ்.2.2 சாயங்கள் எல்லாம் சேர்ந்த பேனல் வேண்டும். ஃபிஷ்ஷில் இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 ஜீன் உடைந்திருந்தாலும் அதுவே தீர்ப்பு அல்ல. டெஸ்மோபிளாஸ்டிக் கட்டியிலும் கிளியர் செல் சார்கோமாவிலும் அதே ஜீன்தான் உடைகிறது.

இத்துடன் ஒரு ஸ்லைடு படம் அனுப்பியுள்ளேன். என்ன கட்டி?

எந்த உறுப்பு, என்ன வயது?

"வயது வந்த பெண், எலும்புக் கட்டி, ஜி.சி.டி.யா?" என்று எழுதி வந்த ஸ்பெசிமன். ஸ்லைடு முழுக்க ஜெயன்ட் செல்கள் (பல நியூக்ளியஸ் கொண்ட ராட்சத செல்கள்). ஜெயன்ட் செல் டியூமர் என்று முடிக்கலாமா? (இளம் நோய்க்குறியியலாளர், பெரம்பூர்)

எந்த எலும்பு? அதன் நுனியா, நடுவா? எக்ஸ்ரே எங்கே? உங்கள் கடிதத்திலும் இல்லை, உங்களுக்கு வந்த ஃபார்மிலும் இல்லை. எலும்புக் கட்டியை எக்ஸ்ரே இல்லாமல் ரிப்போர்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஜெயன்ட் செல் என்பது சாட்சியே இல்லை. பிரவுன் டியூமர் (பாராதைராய்டு ஹார்மோன் கூடுவதால் எலும்பில் வருவது), அனியூரிஸ்மல் போன் சிஸ்ட், காண்ட்ரோபிளாஸ்டோமா, நான் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா, ஏன், ஜெயன்ட் செல் மிகுந்த ஆஸ்டியோசார்கோமா கூட இதே முகத்தோடு வரும். உண்மையான ஜெயன்ட் செல் டியூமர் வளர்ச்சித் தட்டு மூடியபிறகு, 20 முதல் 45 வயதுக்குள், நீள எலும்பின் நுனியில், பெரும்பாலும் முழங்காலைச் சுற்றி வரும். 12 வயதுப் பிள்ளையின் மெட்டாஃபிசிஸில் (வளர்ச்சித் தட்டை ஒட்டிய எலும்புப் பகுதியில்) இருந்தால் வேறு பெயரைத் தேடுங்கள்.

தாடையில் இருந்தாலோ, இரண்டு மூன்று எலும்பில் இருந்தாலோ முதலில் சீரம் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பாருங்கள். சில நூறு ரூபாயில் கால்சியம் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் பிரவுன் டியூமரைச் சுரண்டி எடுக்கிறார்கள். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு அடினோமாவோ அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: ஜெயன்ட் செல் டியூமருக்கான டெனோசுமாப் ஊசி போட்டிருந்தால் ஜெயன்ட் செல்கள் மறைந்து புது எலும்பு முளைத்திருக்கும். தெரியாதவர் அதை ஆஸ்டியோசார்கோமா என்று எழுதிவிடுவார். இரண்டு வார எலும்பு முறிவுக் காலஸும் (முறிவு கூடும்போது முளைக்கும் புது எலும்பு) அப்படியே பயமுறுத்தும். மருந்து விவரமும், அடிபட்ட தேதியும் ஃபார்மில் இருந்தால் இந்த விபரீதம் நடக்காது.

ஹெச்3.3 ஜி34டபிள்யூ சாயம் கிடைத்தால் போடுங்கள், ஜெயன்ட் செல் டியூமர்களில் பத்தில் ஒன்பது பாசிட்டிவ். ஆனால் அதற்கு முன் அறுவை மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். நோயாளி ஃபிலிமை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார் என்பார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். அது வரும்வரை ஃபைனல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் "ஸ்பிண்டில் செல் நியோபிளாசம், ஐ.ஹெச்.சி. தேவை" என்று இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் காட்டப் போகிறோம். என்ன எடுத்துப் போகணும்? (வில்லிவாக்கம்)

ஸ்லைடு மட்டும் போதாது, பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். ஐ.ஹெச்.சி.க்கு (ஆன்டிபாடி சாயச் சோதனைக்கு) அதிலிருந்துதான் புதிதாகச் சீவ வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கி, ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் நகல், ஸ்கேன் பதிந்த சி.டி. (டிஸ்க்) இரண்டும் வேண்டும். மே மாத வெயிலில் பிளாக்கைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். இந்தப் பெயரைப் பார்த்தே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். சாதாரண ஷ்வானோமாவும் (நரம்புறையில் வரும் தீங்கற்ற கட்டி) இந்தக் கூட்டத்தில் உண்டு.

மூக்கில் ரத்தம் கசியும் பாலிப், உள்ளே பெரிய பெரிய உருண்டைகள். ராமநாதபுரத்துக்காரர். காக்சிடியாய்டோமைகோசிஸ் என்று சீனியர் சொல்கிறார்.

ரைனோஸ்போரிடியோசிஸ். வெளிநாட்டுப் புத்தகத்தில்தான் இது அரிது, நம் குளத்துக்கரை ஊர்களில் அரிதே அல்ல. நீங்கள் பார்த்த உருண்டையான ஸ்போராஞ்சியம் 300 மைக்ரான் வரை போகும், பாலிப்பின் மேல் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். சந்தேகம் என்றால் மியூசிகார்மின் சாயம் போடுங்கள். காக்சிடியாய்டிஸ் அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலத்துக் கிருமி. அங்கே போய் வந்தாரா என்று கேட்டீர்களா?

பாதத்தில் சீழும் குருணையும். "மைசெட்டோமா" என்று எழுதினால் போதாதா?

போதாது. மதுரை பெயரையே தாங்கிய நோயை ('மதுரா ஃபுட்') இப்படி அரைகுறையாக எழுதலாமா? பாக்டீரியாவா, பூஞ்சையா என்பதைப் பொறுத்து மருந்தே மாறுகிறது. கிராம் சாயத்தில் ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய இழை என்றால் ஆக்டினோமைசெட்டோமா, அதாவது பாக்டீரியா, அதற்கு ஆன்டிபயாடிக். 2 முதல் 5 மைக்ரான் தடித்த ஹைஃபே (பூஞ்சை இழை) என்றால் பூஞ்சை. கல்ச்சருக்கான குருணையை சலைனில் அனுப்பச் சொல்லுங்கள், ஃபார்மலினில் அல்ல.

24 வயதுப் பெண், கழுத்து நெறிக்கட்டி, நெக்ரோசிஸ் (செல்கள் செத்த இடம்). காசநோய் மருந்து தொடங்கிவிட்டார்கள்.

நியூட்ரோஃபில் இருக்கிறதா? இல்லாமல், உடைந்த நியூக்ளியஸ் தூளும் பிறை வடிவ ஹிஸ்டியோசைட்டும் இருந்தால் கிக்குச்சி (காசநோய் அல்லாத நெறிக்கட்டி அழற்சி). காசநோய்க் கிருமியைக் காட்டும் ஏ.எஃப்.பி. சாயம் போடுங்கள். லூபஸுக்கான ரத்தப் பரிசோதனையான ஏ.என்.ஏ.வும் பார்க்கச் சொல்லுங்கள், லூபஸ் கணுவும் இதே மாதிரிதான் இருக்கும்.

தொடைக்கட்டி, 14 செ.மீ. முழுசாக ஊறுகாய் ஜாடியில் வந்தது, நடுப்பகுதி குழைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா? (பல்லாவரம்)

நடுவை முடியாது, ஓரத்தை முடியும். ஃபார்மலின் மணிக்கு 1 மி.மீ. போனாலே அதிகம், ஆழம் கூடக் கூட இன்னும் மந்தம். வந்தவுடன் மார்ஜினுக்கு மை தடவி, 1 செ.மீ. கனத்தில் துண்டு போட்டு, இடையே துணி வைத்து, கட்டியைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் விட வேண்டும். எக்ஸ்ரேக்கு அடுத்தபடி இதைத்தான் ஓயாமல் சொல்கிறேன். இப்போது உறுதியான விளிம்பிலிருந்து சென்டிமீட்டருக்கு ஒரு பிளாக் எடுங்கள். குழைந்த இடத்தில் கி-67 (செல் பெருக்கத்தைக் காட்டும் சாயம்) போட்டு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த முறை ஃபார்மலின் கையில் இல்லையென்றால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.