நடாலி வுட் குரல் இரண்டு படத்தில் இரண்டு மாதிரி ஏன்?

ஹாலிவுட் நடிகை நடாலி வுட்டின் பாட்டுக் குரல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் ஒரு மாதிரியும் 'ஜிப்சி'யில் வேறு மாதிரியும் இருக்கிறதே, என் படப் பிரதியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிரதியில் கோளாறு எதுவும் இல்லை. 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி நடித்த மரியா பாத்திரத்துக்காகப் பாடியது பின்னணிப் பாடகி மார்னி நிக்சன். அடுத்த வருடத்து 'ஜிப்சி'யில் நீங்கள் கேட்டதுதான் நடாலி வுட்டின் சொந்தக் குரல்.

குழப்பத்துக்குக் காரணம் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் டைட்டிலில் வரும் பெயர்ப் பட்டியலாகத்தான் இருக்கும். அதில் நிக்சன் பெயரே கிடையாது. நடாலி முதலில் எல்லாப் பாட்டையும் தானே பாடிப் பதிவுசெய்திருந்தார். அந்தப் பதிவுக்கு வாயசைத்துத்தான் நடித்தார். பிற்பாடு குரலை மாற்றிவிட்டார்கள். அவ்வளவு உழைத்தவருக்கு இப்படி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. நிக்சனும் பாவம், நடாலியின் உதட்டசைவைத் திரையில் பார்த்துப் பார்த்துப் பாட வேண்டியிருந்தது.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள்: 1956இன் 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர் பாடும் காட்சியைப் போட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். உச்சஸ்தாயியில் மரியாவின் குரல் அப்படியே வரும். அதுவும் நிக்சன்தான்.

ஒன்று கவனம்: 'ஜிப்சி'க்குப் பிறகு எல்லாமே நடாலி பாடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1965இன் 'இன்சைட் டெய்சி க்ளோவர்' படத்தில் அவருக்குப் பெரும்பாலும் பாடியவர் ஜாக்கி வார்ட்.