மைக் கூவுகிறதா? முதலில் ட்ரம்ஸைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகி. ஒத்திகையில் பாடகியின் குரல் யார் காதிலும் விழுவதில்லை, மைக்கைக் கூட்டினால் கூவுகிறது. இந்த நிலைமையில் மூன்று பாட்டு ரெக்கார்ட் செய்ய வேண்டும், அதற்கடுத்து ஒரு மேடை நிகழ்ச்சியும் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யலாமா, தனித்தனியாகவா? புது மைக் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: மைக்கை இப்போது வாங்காதீர்கள். இருக்கிற மைக் ஓரளவு நல்லதாக இருந்தாலே போதும், சிக்கல் அறையில் இருக்கிற சத்தத்தில்தான். சின்ன அறையில் ட்ரம்ஸை வேகமாக அடித்தால் 100 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேல் தன் வாசிப்பு தனக்குக் கேட்க வேண்டும் என்று கிட்டார்காரர் ஆம்பைக் கூட்டுவார், அவரைப் பார்த்துக் கீபோர்டு கூட்டுவார், பேஸும் சும்மா இருக்காது. கடைசியில் மாட்டிக்கொள்வது பாடகி. அவர் மைக்கைக் கூட்டும்போது குரல் மட்டும் கூடுவதில்லை, அந்த மைக்கில் விழுகிற சிம்பல் (ட்ரம்ஸின் உலோகத் தட்டு) சத்தமும் சேர்ந்தே கூடுகிறது.

ஆகவே வரிசையை மாற்றிப் பாருங்கள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பாடகியின் மைக்கை மட்டும் மெல்லக் கூட்டுங்கள். கூவப் போகிறது என்று தெரிந்ததும் கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். உங்கள் குழுவின் உச்ச வால்யூம் அதுதான், மற்ற நான்கு பேரும் அதற்குக் கீழே அடங்க வேண்டும். ட்ரம்மருக்குக் கோபம் வரும், வரட்டும். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கிடைக்கிறது, சாதாரணக் குச்சிக்குப் பதிலாக அதை வைத்து அடித்தாலே சத்தம் நன்றாகக் குறையும். கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தால் அதன் கூர்மையான ஒலியெல்லாம் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகிறது, அவர் காதுக்கு வருவதில்லை, அதனால்தான் கூட்டிக்கொண்டே போகிறார். ஒரு நாற்காலி மேல் வையுங்கள், இல்லை பின்னால் சாய்த்து முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அவராகவே குறைப்பார்.

அடுத்து யார் எங்கே நிற்பது. பாடும் மைக் எதிரில் இருக்கிற வாயை மட்டும் கேட்பதில்லை, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதையும் கேட்கும். பாடகிக்குப் பின்னால் ட்ரம்ஸ் இருந்தால் சிம்பல் நேராக மைக்கில் வந்து விழும். ஒத்திகையில் வட்டமாக நின்று, பாடகி ட்ரம்மரைப் பார்த்துப் பாடினால் மைக்கின் முதுகு ட்ரம்ஸ் பக்கம் திரும்பிவிடும். குரல் வெளியே வருகிற ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது. முன்பக்கம் கேட்கும்படி செய்த சாதாரணக் கார்டியாய்டு மைக் என்றால் அதற்கு நேர் பின்னால் வைக்கலாம், அங்கேதான் அதற்குக் காது மந்தம். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், அதனால் மைக்கின் முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரியில், அதாவது பின்பக்கம் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பாடும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கிக் கூவும். வாய்க்கும் மைக்குக்கும் 10 செ.மீ. இடைவெளி இருந்தால் அதை 5 ஆக்குங்கள், காசு செலவில்லாமல் சுமார் 6 டெசிபெல் கிடைக்கும். மிக்ஸரில் லோ கட் (அடி ஒலியை வெட்டும்) பொத்தான் இருந்தால் குரலுக்குப் போட்டுவிடுங்கள்.

காதையும் கவனியுங்கள். அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் வெறும் 15 நிமிடம். நீங்கள் எத்தனை மணி நேரம் ஒத்திகை பார்க்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் குறைந்ததும் ஒரு சங்கடம் வரும். இதுவரை மறைந்திருந்த தப்பெல்லாம் வெளியே கேட்கும், தாளம் ஓடுவது, பேஸும் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஒட்டாமல் போவது எல்லாம். நல்லதுதான். பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வாசிப்பதை நான் ஒத்திகை என்றே சொல்லமாட்டேன். பல்லவி முடிந்து இடையிசைக்குள் போகும் அந்த நான்கு பார் (தாளச் சுற்று), சரணத்திலிருந்து திரும்பி வரும் இடம், முடிவு, இந்த இடங்களை மட்டும் தனியே எடுத்து வாசியுங்கள்.

இப்போது ரெக்கார்டிங். ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு நான்கும் சேர்ந்து ஒரே நேரத்தில், குரல் பிறகு தனியாக. உங்கள் அளவிலான குழுவுக்கு என் யோசனை இதுதான். தனித்தனியாக எடுத்தால் சுத்தமாக இருக்கும், ஆனால் நீங்கள் சேர்ந்து வாசிக்கும்போது இருக்கிற உயிர் போய்விடும், அதைப் பிறகு எந்த பிளக்கின் (ஒலியை மாற்றும் மென்பொருள்) போட்டும் கொண்டுவர முடியாது. குரலையும் அதே அறையில் எடுத்தால் ட்ரம்ஸ் மைக்கிலெல்லாம் அது ஏறிவிடும், அப்புறம் ஒரு வரி தப்பினாலும் மாற்ற முடியாது. பாடகி வேறு அறையிலிருந்து எல்லோர் ஹெட்ஃபோனுக்கும் வழிகாட்டியாகப் பாடட்டும். பேஸும் கீபோர்டும் டிஐ (மைக் இல்லாமல் கருவியை நேராக இணைக்கும் பெட்டி) வழியாக நேராக இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் கருவி) போகட்டும், கிட்டார் ஆம்பை வேறு அறையில் வைத்து மூடுங்கள்.

ட்ரம்ஸுக்கு நான்கு மைக் போதும்: கிக், ஸ்னேர் (ட்ரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்), மேலே இரண்டு. மேலே வைக்கும் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து வைக்காதீர்கள், ஸ்னேர் நடுவில் ஒரு கயிற்றின் நுனியைப் பிடித்து முதல் மைக் வரை இழுத்து, அங்கே முடிச்சுப் போட்டு, அதே முடிச்சு இரண்டாவது மைக்கைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி செகண்ட் ஆகிறது, தூரம் மாறினால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் வந்து, கலக்கும்போது ஸ்னேர் சோடை போய்விடும்.

ரெக்கார்டிங் செட்டிங்கை 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் வைத்து, உச்சத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நின்றால் போதும், சிவப்பு வரை தள்ளத் தேவையில்லை. கிளிக் (ஹெட்ஃபோனில் தாளம் தட்டும் ஒலி) போட்டு வாசித்துப் பழகியிருந்தால் போடுங்கள், பழக்கம் இல்லையென்றால் ரெக்கார்டிங் அன்று முதல்முறையாகப் போடாதீர்கள், நான்கு பேரும் பாட்டை விட்டுவிட்டுக் கிளிக்கைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். கிட்டார் கம்பியை ஒரு நாள் முன்பே மாற்றுங்கள், அன்றைக்கே மாற்றினால் சுருதி நிற்காது.

மேடைக்கு வருவோம். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை மைக், எத்தனை டிஐ என்று ஒரு பக்கத்தில் எழுதி சவுண்ட் இன்ஜினியருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். சவுண்ட் செக்கில் உங்களுடைய அதிக சத்தமான பாட்டை வாசியுங்கள், பலர் மெலடியை வாசித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள், நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டில் எல்லாம் கலைந்துவிடுகிறது. காலி அரங்கம் கணகணக்கும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அது குறையும், அதனால் அப்போதே பதறி எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல வேண்டாம். மானிட்டரில் (வாசிப்பவர் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்) உங்களுக்கு உங்கள் ஒலி கேட்கவில்லை என்றால் ‘என்னுடையதைக் கூட்டுங்கள்’ என்பதற்கு முன் ‘கிட்டாரைக் குறையுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் குரல் அமுங்கினால் புது மைக் பற்றிப் பேசலாம், அப்போது சூப்பர்கார்டியாய்டாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் ட்ரம்ஸுக்கு அடியில் விரிக்க ஒரு கம்பளம் எடுத்து வையுங்கள், வழவழப்பான மேடையில் கிக் ட்ரம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து போகும்.