கதையிலும் ரோல்ப்ளேயிலும் அடிபட்ட பாத்திரத்தை நம்பும்படி எழுதுவது எப்படி?

நீங்கள் சொன்ன காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். ரோல்ப்ளேயில், அதாவது நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக எழுதும் கதையில், உங்கள் நாயகன் முன்கையில் அரிவாள் வெட்டு வாங்குகிறான், ஓடி ஒளிகிறான், மறுநாள் சண்டைக்குத் திரும்புகிறான். ‘எவ்வளவு ரத்தம், எவ்வளவு வலி’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு. தோலுக்குக் கீழே எது அறுந்தது? அதனால் இந்த நிமிடம் அவனால் எதைச் செய்ய முடியாது? பத்து நாள் கழித்து எதைச் செய்ய முடியாது? இவை தெரிந்தால் ரத்தமும் வலியும் தானாக அளவுக்கு வந்துவிடும்.

முதலில் கையின் எந்தப் பக்கம் என்று தீர்மானியுங்கள். ஓங்கி வரும் அரிவாளுக்கு மனிதன் கையைத் தூக்கித்தான் தடுப்பான். அதனால் வெட்டு பெரும்பாலும் முன்கையின் வெளிப்பக்கம், சுண்டுவிரல் பக்கத்து எலும்பை ஒட்டி விழும். லத்தி அடியைத் தடுப்பவருக்கு அந்த ஒற்றை எலும்பு மட்டும் முறிவதும் இதனால்தான். வெட்டும் கத்தியைப் பிடிக்கப் போனவனுக்கு உள்ளங்கையிலும் விரல் மடிப்புகளிலும் காயம் இருக்கும். வெளிப்பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டால் விரல்களை நீட்டும் தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) அறும். மடக்க முடியும், நிமிர்த்த முடியாது. உட்பக்கம் என்றால் மடக்கும் நாண்கள், இரண்டு பெரிய நரம்புகள், இரண்டு தமனிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிடிமானமே போய்விடும். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போனால், சுண்டுவிரல் பக்கத்து நரம்பு அறுந்திருக்கிறது.

எழுத்தாளர்கள் தவறவிடும் பயங்கரம் இதுதான் என்பேன். விரலை நிமிர்த்தப் பார்க்கிறான், விரல் அசையவில்லை. அந்த ஒரு வரி, கொட்டும் ரத்தத்தைப் பற்றிய பத்து வரிகளைவிட வாசகரை உலுக்கும்.

வெட்டு விழுந்த கணத்தில் அலற வேண்டியதில்லை. கட்டையால் அடித்ததுபோல் இருந்தது என்றுதான் பலர் சொல்வார்கள். சட்டைக் கை நனைவது முதலில் தெரியும், பிறகுதான் குனிந்து பார்ப்பார்கள். ஓட்டமும் பயமும் அடங்கிய பிறகு வலி ஏறும். இரவில் கையைத் தொங்கவிட்டால் ‘விண் விண்’ என்று தெறிக்கும், மார்புக்கு மேலே தூக்கி வைத்தால் கொஞ்சம் தணியும். ஒளிந்திருக்கும் காட்சியில் அவனை எப்படி உட்கார வைப்பது என்பதற்கு இதுவே போதும்.

இனி ரத்தம். உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். அதில் 15 விழுக்காடு, அதாவது 600 மில்லிக்கு மேல், போனாலும் வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் அரை லிட்டர் தரையில் சிந்தினால் பார்ப்பவருக்குக் குளம்போல் தோன்றும். எனவே ‘தரையெல்லாம் ரத்தம்’ என்பதும் ‘அவன் தெளிவாகப் பேசினான்’ என்பதும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். 15 முதல் 30 விழுக்காடு போனால் நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும். தாகம், வெளுப்பு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத பதற்றம். 30 முதல் 40 வரை போனால் ரத்த அழுத்தம் இறங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். 40ஐத் தாண்டினால் கண் சொருகும், உயிர் போகும் கட்டம். இளம் உடல் ரத்த அழுத்தத்தை இறங்கவிடாமல் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று சரியும். ‘இப்போதுதானே பேசிக்கொண்டிருந்தான்’ என்று உடனிருப்பவர் சொல்வது அதனால்தான்.

தமனி அறுந்தால் பளிச்சென்ற சிவப்பில், நாடித் துடிப்புக்கேற்ப விட்டுவிட்டுப் பீறிடும். சிரை என்றால் கருஞ்சிவப்பு, நிற்காமல் வழியும். முழுவதும் துண்டான தமனி சுருங்கி ரத்தத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு, பாதி அறுந்ததுதான் ஓயாமல் கொட்டும். மறுநாள் காலையில் துணியில் இருப்பது சிவப்பு அல்ல, பழுப்பு. துணி விறைத்துக் காயத்தோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று பிய்த்தால் மறுபடி கசியும்.

உடன் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதிலும் உண்மை வேண்டும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்தி, பத்து நிமிடமாவது எடுத்துப் பார்க்காமல் பிடிப்பதுதான் சரி. பதற்றத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பதால்தான் ரத்தம் நிற்காமல் போகும். காபித்தூளும் மஞ்சளும் அள்ளி அப்புகிறவர் கதையில் தாராளமாக வரலாம், ஊரில் நடப்பதுதான். ஆனால் பிறகு டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுக்கவேண்டியிருக்கும், திட்டும் விழும். மேல்கையில் இறுக்கிக் கட்டுவது அழுத்தியும் நிற்காதபோதுதான். மெல்லிய கயிறு தசையை அறுக்கும். நாலு சென்டிமீட்டராவது அகலமான துணி, அதைத் திருகி இறுக்க ஒரு குச்சி வேண்டும். அந்தக் கட்டே தாங்க முடியாத வலி தரும். கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கைக்கே ஆபத்து. கத்தி உடம்பில் நின்றால் பிடுங்கக் கூடாது. அடைப்பாக இருப்பது அதுதான்.

ஆக, மறுநாள் சண்டை? நாண் அறுந்திருந்தால் அந்தக் கையால் முடியவே முடியாது. அறுவை அரங்கில் நாணைத் தைத்து, நாலு முதல் ஆறு வாரம் சிம்பு (கையைத் தாங்கும் பட்டை) வைத்து, பாரம் தூக்கவே மூன்று மாதம் ஆகும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். முன்கையின் நடுவிலிருந்து விரல் நுனி 30 சென்டிமீட்டர் என்றால் உணர்ச்சி திரும்பப் பத்து மாதம், அதுவும் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அவன் மறுநாள் சண்டை போட்டே தீரவேண்டும் என்றால் வெட்டைத் தோலோடும் கொழுப்போடும் நிறுத்துங்கள். அதிலும் தையல் பிரியும் என்பதை மறக்க வேண்டாம். கையில் போட்ட தையலைப் பிரிக்கப் பத்து முதல் பதினாலு நாள், முகத்தில் ஐந்து நாள். மூன்று வாரமானாலும் அந்த இடத்துத் தோலுக்குப் பழைய வலுவில் கால் பங்குதான் இருக்கும். சீழும் காய்ச்சலும் பெரும்பாலும் மறுநாள் காலையே வருவதில்லை, இரண்டு மூன்று நாள் எடுக்கும். தழும்பு மாதக்கணக்கில் சிவந்து தடித்திருந்து, ஒரு வருட வாக்கில்தான் வெளுக்கும்.

பின்மண்டையில் ஒரு அடி, நாயகன் மயங்கி வேறு ஊரில் கண் விழிப்பது: இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரண அதிர்ச்சி மயக்கம் சில விநாடி, மிஞ்சினால் சில நிமிடம். விழித்தவன் ‘என்ன ஆச்சு’ என்று திரும்பத் திரும்பக் கேட்பான், வாந்தி எடுப்பான், அடிக்கு முந்தைய சில நிமிடங்கள் நினைவில் இருக்காது. அரை மணிக்கு மேல் மயக்கம் என்றால் அது லேசான அடி அல்ல, மூளையில் சேதம் இருக்கலாம், எழுந்து ஓடும் ஆள் அல்ல. கதைக்கு இன்னும் உதவும் ஒன்று உண்டு. நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் இடையில், எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் ஆள் தெளிந்து எழுந்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கூடப் படுப்பான். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருக்கும். உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும்.

மற்றவை சுருக்கமாக. தோளில் குண்டு ‘பாதுகாப்பான இடம்’ அல்ல, கைக்குப் போகும் பெரிய தமனியும் நரம்புக் கொத்தும் நுரையீரலின் மேல்முனையும் அங்கேதான். விலா முறிந்தவனுக்கு ஆறு வாரம் இருமலும் சிரிப்பும் புரண்டு படுப்பதும் எதிரி. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு இல்லாமலே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தொடைக்குள் தங்கலாம். ஆழமான தீக்காயத்தின் நடுவில் வலி இருக்காது, ஓரங்களில்தான் எரியும்.

இன்றைய தமிழ்நாட்டில் நடக்கும் கதை என்றால், வெட்டுப்பட்டவன் அரசு மருத்துவமனைக்குப் போனதுமே விபத்துப் பதிவேட்டில் காயத்தின் நீளம், அகலம், ஆழம், எந்த இடம் என எல்லாம் ஏறும், போலீசுக்குத் தகவல் போகும். இதை ஒளிக்கத் தவிப்பதே ஒரு நல்ல அத்தியாயம். காயத்தின் அளவு வழக்கையும் மாற்றும். எலும்போ பல்லோ உடைந்தால் அது சட்டப்படி ‘கொடுங்காயம்’. அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் கிடந்த நாட்களும் கணக்கில் வரும். பழைய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் அது 20 நாள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் 15 நாள். கதை நடக்கும் வருடத்தைப் பார்த்து எழுதுங்கள்.

சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் பச்சிலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மார்பின் வெட்டைத் தைக்கும் நெடிய வெள்ளூசியை, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியோடு ஒப்பிடுகிறது பதிற்றுப்பத்து. காயம் தைப்பது அன்றே தெரிந்த வேலை.

ரோல்ப்ளேயில் ஒரு சிக்கல் கூடுதல்: காயம் வாங்கியவர் நினைவில் வைத்திருப்பார், அடுத்து எழுதுகிறவர் மறந்துவிடுவார். எதிராளி வீச்சை எழுதட்டும். அது எங்கே எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை அந்தப் பாத்திரத்துக்கு உரியவர் மட்டுமே சொல்லட்டும். குழுவில் யாருக்காவது ரத்த வர்ணனை ஒவ்வாது என்றால், அசையாத விரலையும் போட முடியாத சட்டைப் பொத்தானையும் மட்டும் எழுதினாலே காட்சி நிற்கும். எல்லோரும் பார்க்கும் இடத்தில் காயத்துக்கு ஒரு குறிப்பு வையுங்கள். ‘இடது முன்கை, வெளிப்பக்கம், தோல் மட்டும், எட்டுத் தையல், இன்று 3ஆம் நாள், கனமாக எதையும் தூக்க முடியாது’ என்ற அளவு போதும். கதையில் ஒரு நாள் நகரும்போதெல்லாம் அந்த எண்ணை மாற்றுங்கள்.