தலை குனிந்து சாட்சி சொன்னால் பொய் என்றாகிவிடுமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவில் நடந்த கத்திக்குத்து வழக்கில் நான் சாட்சி. ஓடியவனை முதுகுப் பக்கம்தான் பார்த்தேன். நான் தமிழில் சொன்னதைப் போலீஸார் கன்னடத்தில் எழுதிக்கொண்டார்கள். அவன் கையில் ஹெல்மெட் இருந்ததைப் பதற்றத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சம்மன் வந்திருக்கிறது. எனக்கு யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வராது. பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்களா? மெஷின் வைத்துச் சோதிப்பார்களா?

பதில்: மெஷின் பயத்தை முதலில் விடுங்கள் சகோதரி. கர்நாடகத்திலிருந்தே போன செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் யாரையும் பாலிகிராஃப் (பொய் கண்டறியும் மெஷின்) மாதிரியான சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது.

தலை குனிவதைப் பொறுத்தவரை, யாரும் கவனிக்கவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. சாட்சி நடந்துகொள்ளும் விதம் முக்கியமாகப் பட்டால் நீதிபதி அதைக் குறித்து வைக்க பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 315வது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது (2006ல் வந்தது) சராசரியாக 54 சதவீதம்தான் சரியாக இருந்தது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தி வளர்ந்தவருக்கு அது மரியாதை, பார்ப்பவருக்கு அதுவே குற்ற உணர்ச்சியாகப் படலாம். பொய் சொல்லப் பயன்படுவது எதுவோ அதுதான் குறி என்றார், குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியல் அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ. குனிந்த தலையையும் நடிக்கலாம், நேர்ப் பார்வையையும் நடிக்கலாம். அதனால் ஒத்திகை எல்லாம் வேண்டாம், எப்போதும் போலவே நில்லுங்கள்.

உண்மையில் நீங்கள் யோசிக்க வேண்டியது ஹெல்மெட்டைப் பற்றி. கிரைமாஸ் என்ற இன்னொரு குறியியலாளர் 'இருப்பது', 'தோன்றுவது' என்ற இரண்டை வைத்து இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்: இருக்கிறது, தோன்றவும் செய்கிறது என்றால் உண்மை, தோன்றுகிறது, ஆனால் இல்லை என்றால் பொய், இருக்கிறது, ஆனால் தோன்றவில்லை என்றால் அது மறைவு. உங்கள் ஹெல்மெட் இப்போது மறைவில் இருக்கிறது, குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பொய்யின் பக்கம் தள்ளப் பார்ப்பார். "இதைப் போலீஸில் சொன்னீர்களா?" "இல்லை." "அப்போ இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறீர்கள்?" கோர்ட்டில் இதற்கு 'இம்ப்ரூவ்மென்ட்' என்று பெயர், போலீஸ் வாக்குமூலத்தில் விட்டுப்போனது முக்கியமான விஷயம் என்றால் அதை முரண்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமும் சொல்கிறது. இங்கே தடுமாறி "சொன்னேன், போலீஸ்தான் எழுதவில்லை" என்று ஆரம்பித்தீர்களோ, மறைவாக இருந்தது நிஜமாகவே பொய்யாகிவிடும். அரசு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூண்டிலும் அவர் கேட்கும் முதல் விசாரணையிலேயே, அன்று பதற்றத்தில் விட்டுப்போனதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

அதே மாதிரி முதுகைப் பார்த்தேன் என்றால் முதுகுதான், யார் எவ்வளவு கேட்டாலும் அதில் முகம் முளைக்கக் கூடாது. 'பார்க்கவில்லை', 'ஞாபகம் இல்லை', 'தெரியாது' மூன்றும் வேறு வேறு, எது சரியோ அதைச் சொல்லுங்கள். ஏதோ ஒன்றில் தவறினால் முழு சாட்சியமும் போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஒன்றில் பொய் என்றால் எல்லாமே பொய் என்ற விதியை நம் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

அப்புறம் மொழி. தமிழில்தான் சொல்வேன் என்று ஆரம்பத்திலேயே நீதிபதியிடம் கேளுங்கள். "நீங்கள் கத்தியைப் பார்க்கவில்லை, அப்படித்தானே?" என்று கேட்டால் வெறும் "ஆமாம்" வேண்டாம், அது கன்னடத்துக்குப் போகும்போது எப்படி வேண்டுமானாலும் திரும்பும். "கத்தியை நான் பார்க்கவில்லை" என்று முழுசாகச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்க அதே சட்டத்தின் 313வது பிரிவில் உரிமை இருக்கிறது, தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், நீதிபதி திருத்துவார் அல்லது உங்கள் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்வார். அது முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.