தூங்கிப்போன வகுப்புகளும் விடுதியில் விட்ட பெட்டியும்

கேள்வி (2022 செப்டம்பர்): டாக்டரம்மா, நான் பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். 2018 செப்டம்பரில் சீனாவில் எம்.பி.பி.எஸ். சேர்ந்து மூன்று பருவம் அங்கே படித்தேன். 2020 ஜனவரியில் பொங்கலும் சீனப் புத்தாண்டும் சேர்ந்தாற்போல் வந்ததால் ஒரே ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தேன். இன்னொரு பெட்டி, புத்தகங்கள், ஸ்டெதாஸ்கோப் எல்லாம் விடுதி அறையிலேயே இருக்கின்றன. பிறகு திரும்பிப் போகவே முடியவில்லை. இரண்டரை வருடமாக ஆன்லைன் வகுப்புதான். இப்போது விசா கொடுக்கிறார்கள். ஏஜென்ட் ஒருவழி டிக்கெட்டுக்கே ஒன்றரை லட்சம் கேட்கிறார். அப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். அம்மாவின் நகை ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. “கொரோனா முழுக்க ஓயட்டும், பிப்ரவரியில் பார்க்கலாம்” என்கிறார் அப்பா. பெரியப்பா மகனோ, கிர்கிஸ்தானில் நேரே ஐந்தாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறார்கள், அங்கே போய்விடு என்கிறான். சீனாவுக்குப் போய் மறுபடி ஊரடங்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதி வகுப்புகளில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டதில்லை. ஊரில் எல்லோரும் என்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள்.

பதில்: டாக்டரம்மா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். டிக்கெட், விசா, கிர்கிஸ்தான் எல்லாம் கேட்டுவிட்டு, உண்மையான கேள்வியைக் கடைசி மூன்று வரிகளில் வைத்திருக்கிறாய். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சீனாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை எட்டு மணி வகுப்பு என்றால் பெரம்பலூரில் ஐந்தரை. கிராமத்து வீட்டில், எல்லோரும் படுத்திருக்கும் கூடத்தில், செல்பேசியின் சின்னத் திரையில் நோய்க்குறியியல் படமும் விட்டுவிட்டு வரும் குரலும். போதாக்குறைக்கு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில், சீனாவில் எல்லோரும் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட்டும் ஒன்று. உன் வகுப்பு அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் அதில்தான் இருந்திருக்கும். இந்த நிலையில் இரண்டரை வருடம் ஒருநாள்கூடக் கண் அசராமல் கவனித்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நீ தூங்கியதை ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தூங்கிய பாடத்தைப் புத்தகத்தில் பிடித்துவிடலாம், தொடாத நோயாளியைப் பிடிக்க முடியாது. அதனால்தான் நீ போக வேண்டும் என்கிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருந்தபோது முதல் வாரம் ஒரு முதியவரின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர் ஊசியை என் கையிலிருந்து வாங்கவில்லை. என் விரலைப் பிடித்து முதியவரின் தோலின் மேல் வைத்து, “கண்ணால் தேடாதீர்கள், விரலால் தேடுங்கள்” என்றார். நாற்பது வருடமாகியும் அந்த விரலுக்கு நினைவிருக்கிறது. ஈரல் வீங்கியிருப்பதை விலாவுக்குக் கீழே விரல்நுனியில் உணர்வதும், நுரையீரலில் நீர் கோத்த இடத்தைத் தட்டும்போது ஓசை மந்தமாவதைக் கேட்பதும் இப்படித்தான் வரும். இதற்கு ஆன்லைன் வழி கிடையாது.

நாட்டின் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது: ஆன்லைனில் மட்டும் நடந்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்று. இதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு, அதன் வேர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. சீனாவில் படித்த ஒரு மாணவி தமிழ்நாட்டில் மருத்துவராகத் தற்காலிகப் பதிவு கேட்டுத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2022 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பு, கொரோனாவால் செய்முறைப் பயிற்சி தடைபட்ட மாணவர்களுக்கு இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் வகுக்கும்படி ஆணையத்திடம் சொன்னது. ஜூலை 28 அன்று திட்டம் வந்தது. 2022 ஜூன் 30க்குள் பட்டம் பெற்றவர்கள், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தேறி, இங்கே ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி மருத்துவராக இருக்கலாம். உனக்கு இன்னும் பட்டம் வரவில்லை, ஆகவே இந்தக் கதவு உனக்கில்லை. “நீயும் வீட்டிலிருந்தே முடித்துவிடு, அரசு ஏதாவது செய்யும்” என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒரு தேதியைச் சொல்.

பெரியப்பா மகனின் யோசனையை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பாதியில் நாடு மாறிப் படிக்க நம் விதிகள் இடம் தருவதில்லை. முழுப் படிப்பும் ஒரே கல்வி நிறுவனத்தில் நடந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் 6ஆம் தேதி ஆணையம் ஒரு விலக்கு அளித்தது உண்மை. ஆனால் அது போரால் வெளியேறிய உக்ரைன் மாணவர்களுக்கு மட்டும். அந்தச் செய்தியின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சீன மாணவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஆள் பிடிக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். தம்பிக்கோ அண்ணனுக்கோ கெட்ட எண்ணம் இருக்காது, அவனிடம் சொன்னவனுக்கு இருக்கலாம்.

இனி டிக்கெட். ஏஜென்டிடம் இன்றைக்குப் பணம் கட்டாதே. சீனத் தூதரகம் 2022 ஆகஸ்ட் 24 முதல் மாணவர்களுக்கு விசா வழங்கத் தொடங்கியிருக்கிறது. பழைய மாணவர்கள் அதற்கு, பல்கலைக்கழகம் தரும் ‘வளாகம் திரும்பும் சான்றிதழ்’ காட்ட வேண்டும். அது உன் கையில் இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. முதலில் அதைக் கேட்டு எழுது. அதே மின்னஞ்சலில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடு: ஆன்லைனில் நடந்த செய்முறை வகுப்புகளை நேரில் மறுபடி நடத்துவார்களா? பயிற்சி ஆண்டு எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம்? பதில் எழுத்தில் வேண்டும். சீனியர் அக்கா வீசாட்டில் சொன்னது பதிலாகாது. பயிற்சியைச் சொந்த நாட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் சொன்னால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதே. அவர்கள் பட்டம் தருவது வேறு, இங்கே அந்தப் பட்டத்தைப் பதிவுசெய்வது வேறு. சான்றிதழ் வந்த பிறகு விசா. சென்னையில் சீனத் துணைத்தூதரகம் இல்லை என்பதால் அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்று இன்றே எடுத்துப் பார். விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட். 2022 செப்டம்பர் நிலவரப்படி நேரடி விமானம் இல்லை, மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். இந்த 2022இல், பயணிகளில் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் தொற்று தெரிந்தால் அந்தத் தடத்தையே சீனா ஒரு வாரம், இரண்டு வாரம் நிறுத்திவிடுகிறது. ஆகவே விமானம் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, பிப்ரவரிவரை பொறுத்தால் டிக்கெட் விலை இறங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் இழக்கப்போவது மருத்துவமனையில் நிற்க வேண்டிய ஒரு பருவம். வெங்காயத்தை விலை ஏறும்வரை பட்டறை போட்டு வைக்கலாம், ஐந்தாம் ஆண்டை அப்படி வைக்க முடியாது. இருக்கிற நகையெல்லாம் வைத்து நாளைக்கே அனுப்புங்கள் என்றும் நான் சொல்லவில்லை. சான்றிதழும் விசாவும் வந்து சேர எப்படியும் சில வாரமாகும், அதற்குள் பணத்துக்கு வழி பாருங்கள்.

மறுபடி ஊரடங்கில் மாட்டிக்கொண்டால்? மாட்டிக்கொள்ளலாம், மகளே. பொய் சொல்லி அனுப்ப மாட்டேன். ஷாங்காயை 2022இல் இரண்டு மாதம் பூட்டி வைத்தார்கள். 2022 செப்டம்பர் முதல் தேதிதான் செங்டு நகரத்தின் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். ஆனால் நீ பூட்டப்பட்டாலும் வளாகத்துக்குள் இருப்பாய், பூட்டுத் திறந்த மறுநாள் வார்டுக்குப் போவாய். பெரம்பலூரில் இருந்தால் பூட்டும் இல்லை, வார்டும் இல்லை. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியே வுஹானிலிருந்து திருச்சூர் திரும்பிய ஒரு மருத்துவ மாணவிதான். 2020 ஜனவரி 30 அன்று உறுதியானது. அந்த வாரங்களில் சீனாவிலிருந்து வந்த பெண் என்று உன் வீட்டையும் தெருவே சுற்றிக்கொண்டு போயிருக்கும். அதைத் தாண்டியவள் நீ. இப்போது அங்கே இறங்கும்போது அதே பார்வை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

2022 செப்டம்பர் விதிப்படி இறங்கிய ஊரில் ஏழு நாள் ஓட்டல் அறையில் தனிமை, பிறகு மூன்று நாள் தங்குமிடத்தில் கண்காணிப்பு. செலவு உன்னுடையது, ஊருக்கு ஊர் வேறுபடும். கதவைத் தட்டிச் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், நம் நாக்குக்கு அது ஏறாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் எடுத்துக்கொள். மாதவிடாய் நாப்கினைப் பத்து நாளுக்குக் கணக்கிட்டுக் கைப்பையிலேயே வை. அந்த அறையிலிருந்து கடைக்குப் போக முடியாது, முழு உடல் கவசம் போட்டு வாசலில் நிற்கும் ஆணிடம் கேட்கவும் கூசும். உன் பழைய சீன சிம் செத்திருக்கும். அந்த எண்ணோடு பிணைத்திருந்த வங்கிக் கணக்கும் வீசாட் பணப்பையும் அதோடு நின்றிருக்கும். அங்கே இளநீர்க் கடைக்காரர்கூடச் செல்பேசியைத்தான் நீட்டுவார் என்பதால் முதல் சில நாளுக்கு யுவான் நோட்டாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

மொழியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி சீனத்தில்தான் வலியைச் சொல்வார். பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவுரையில், எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் நான்காம் நிலைவரை சீனம் கற்காதவர்களுக்குப் பட்டமே கிடைக்காது என்று எச்சரித்திருக்கிறது. நான்காம் நிலை என்றால் சுமார் 1,200 சொற்கள். நாளைக்குப் பத்து என்று வைத்தால் நான்கு மாதம், இன்றே தொடங்கலாம். அதே அறிவுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்து இங்கே தகுதித் தேர்வு எழுதிய 40,417 பேரில் தேறியவர்கள் 6,387 பேர். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 300 கேள்வியில் 150 சரியாக எழுத வேண்டிய தேர்வு அது. நீ தூங்கிப்போன பாடங்கள்தான் அங்கே கேள்வியாக வரும். தனிமையில் இருக்கும் ஏழு நாளும் நோய்க்குறியியலுக்கும் மருந்தியலுக்கும் என்று எழுதி வைத்துக்கொள்.

டாக்டர் என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்திக்கொண்டிருக்காதே, நம் ஊரில் அது அன்பு. ஆனால் யாராவது மாத்திரை எழுதிக் கேட்டால் “இன்னும் படிக்கிறேன் சித்தப்பா” என்று சொல்லிவிடு. அங்கே போனதும் முதல் வார்டில் ஆசிரியரிடம், இதுவரை நோயாளியைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று நீயே முந்திக்கொண்டு சொல். உன் பக்கத்தில் நிற்கும் எல்லோரும் அதே இரண்டரை வருடத்தைக் கடந்து வந்தவர்கள்தான். ஒருத்தி சொன்னால் மற்றவர்களும் மூச்சு விடுவார்கள்.

விசா வரும்வரை சும்மா இருக்காதே. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் தெரிந்த மருத்துவர் யாராவது இருந்தால், ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேள். அது எந்தக் கணக்கிலும் சேராது. சேரும்படி சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடு. வீட்டில் பாட்டி இருந்தால் தினமும் ஒரு முழு நிமிடம் அவருடைய நாடியை எண்ணி நோட்டில் எழுது. அடுத்து அப்பாவுக்கு, வயலிலிருந்து வந்ததும் ஒரு முறை, சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு ஒரு முறை. வேறுபாடு ஏன் என்று புத்தகத்தைப் புரட்டு.

விடுதி அறையில் இருக்கும் ஸ்டெதாஸ்கோப்பை நம்பிப் போகாதே. மூன்று குளிர்காலத்தில் அதன் குழாய் விறைத்து வெடித்திருக்கும். இங்கேயே ஒன்று வாங்கி, பாட்டியின் நெஞ்சில் வைத்துப் பழகி எடுத்துக்கொண்டு போ.