யாரும் தொடாத ஆய்வுப் பகுதி: மகளுக்கு வேலை கிடைக்குமா?

உங்கள் மகள் முதுகலைத் தொல்லியலில், பழைய சமூகங்களில் பெண்களின் நிலை பற்றியோ இஸ்லாமியக் கலை பற்றியோ ஆய்வு செய்யப் போகிறேன் என்கிறாள். "நாலு பேர்கூட போகாத வழியாக இருக்கிறதே, வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஆள் போகாததற்குக் காரணம் அங்கே ஒன்றும் இல்லை என்பதல்ல.

ஸ்வீடனில் பிர்கா என்ற, வைக்கிங்குகள் எனும் பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் ஊரில் 1878இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள் எல்லாம் கிடைத்தன. ஆயுதம் இருந்தால் ஆண்தான் என்று எழுதி வைத்துவிட்டார்கள். எலும்பைப் பார்த்தவர்கள் சந்தேகம் கிளப்பியும் அந்த முடிவு அசையவில்லை. 2017இல் மரபணுவைச் சோதித்தபோதுதான் அது ஒரு பெண் என்று தெரிந்தது. அவர் உண்மையிலேயே போருக்குப் போனவரா என்ற வாதம் அதற்கப்புறமும் ஓயவில்லை. அது வேறு கதை. ஸ்பெயினில் 2008இல் ஒரு பழங்காலக் கல்லறையில் யானைத் தந்தத்தோடு கிடைத்த ஒருவரை ஆண் என்று நினைத்தார்கள். 2023இல் பல்லின் எனாமலில் இருந்த புரதத்தைப் பார்த்ததில் அவரும் பெண். இப்படித் திரும்பப் பார்க்க வேண்டிய பெட்டிகள் அருங்காட்சியகக் கிடங்குகளில் நிறையத் தூங்குகின்றன. மண்ணைத் தோண்டாமலே ஆய்வேடு எழுதலாம்.

இஸ்லாமியக் கலையின் சிக்கல் வேறு மாதிரி. மேற்கு ஆசியாவில் இஸ்லாமியக் காலத்துத் தொழில்நுட்பம், வணிகம் பற்றிய தடயங்கள் பெரும்பாலும் மண்ணின் மேலடுக்கில் கிடக்கின்றன. விவிலியக் காலத்தையும் கிரேக்க, ரோமானியக் காலத்தையும் தேடி வந்த முந்தைய அகழாய்வாளர்கள் பலர் அந்த அடுக்கைச் சரியாகப் பதிவு செய்யாமலே அள்ளிப் போட்டார்கள். மிஞ்சியதில் அழகான பாண்டங்களைக் கலை வரலாற்றுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சமையல் பானையை யாரும் சீண்டவில்லை. இராக்கில் ஒன்பதாம் நூற்றாண்டில் இஸ்லாமியப் பேரரசின் தலைநகராக இருந்த சமாராவை 1911 முதல் 1913 வரை தோண்டியபோது கிடைத்தவை இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

அந்தக் காலத்து மினுக்குப் பூச்சுப் பானை ஓடு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், பழுப்பாகத் தெரிந்தது சட்டென்று பொன்னாக மாறும். வெள்ளி, செம்புச் சேர்மங்களைப் பூசி, காற்றோட்டத்தைக் குறைத்த சூளையில் இரண்டாவது முறை சுட்டதால் வரும் ஜாலம் அது. இந்த ஓட்டைப் பார்த்து எந்தக் காலம், எந்த ஊர்ச் சூளை என்று சொல்லத் தெரிந்த ஆளை அகழாய்வுக் குழுக்கள் தேடிப் பிடிப்பார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். "பெண்கள் தொல்லியல் நிபுணர் தேவை" என்று விளம்பரம் வருவது அரிது. எலும்பு பார்க்கத் தெரிந்தவர், பானை ஓடு தெரிந்தவர், வரைபட மென்பொருள் தெரிந்தவர் என்றுதான் கேட்பார்கள். பல நாடுகளில் சாலையோ கட்டடமோ வருவதற்கு முன் தொல்லியல் ஆய்வு கட்டாயம் என்பதால், அங்கே களப்பணிக்கு எப்போதும் ஆள் வேண்டும். பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், சம்பளம் சுமார்தான். இதை மறைத்து ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

அதனால் மகளிடம் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். கூடவே கைத்தொழில் போல ஒன்றைக் கற்கச் சொல்லுங்கள். பெண்களைப் பற்றி ஆராய்வதென்றால் எலும்பியலோ, நூல் நூற்கும் தக்கிளியின் வட்டும் தறி நூலை இழுத்துப் பிடிக்கும் எடைக்கல்லும் பார்க்கும் நெசவுத் தொல்லியலோ. இஸ்லாமியக் கலை என்றால் பானையியலோடு அரபியோ பாரசீகமோ. எழுத்தைப் படிக்க முடியாதவர் பாதிப் பொருளைத்தான் பார்க்கிறார். மொழிக்கு இரண்டு வருடமாவது பிடிக்கும், இன்றே தொடங்கட்டும்.

சேரப்போகும் துறைக்கு ஒரு மின்னஞ்சலும் போடச் சொல்லுங்கள்: "உங்கள் சேகரிப்பில் இதுவரை யாரும் ஆராயாத பெட்டி இருக்கிறதா? அதை மாணவர்கள் தொட அனுமதி உண்டா?" பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், எந்தத் துறையில் சேரலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.