பார்சிலோனாவில் வாடகை வீடு

கேள்வி: பார்சிலோனாவில் நான்கு இரவு, குடும்பத்தோடு வீடு எடுத்துத் தங்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கான உரிம எண். ‘எச்.யு.டி.பி.’ (HUTB) என்று தொடங்கும் எண் விளம்பரத்தில் இல்லையென்றால் அந்த வீடே வேண்டாம். எண் இருந்தாலும், அது அதே முகவரிக்கு உரியதா என்று நகராட்சி இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வேறு வீட்டின் உரிம எண்ணைப் போட்டு ஏமாற்றுவதும் உண்டு. வீட்டின் ஓர் அறையை மட்டும் 31 நாளுக்குக் குறைவாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்கு அங்கே தடை இருக்கிறது.

அடுத்தது மாடி. எஷாம்ப்ளே பகுதியின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் ‘என்ட்ரசுவேலோ’, ‘பிரின்சிபல்’ என இரண்டு தளங்கள் இருக்கலாம். அதற்கு மேல்தான் ‘முதல் மாடி’. ஆகவே ‘மூன்றாம் மாடி’ என்றால் ஐந்து மாடி ஏற வேண்டியிருக்கும். பெரியவர்கள் வந்தால் லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுற்றுலா வரி தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனி. 16 வயது வரை கிடையாது. பாஸ்போர்ட் விவரம் கேட்பார்கள், அது சட்டப்படிதான்.